போளை கற்பித்த கதிப் பாடம்

கதி என்றால் என்ன என்று கேட்டால், நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விடை கூறுவார்கள். சென்ற தூரத்தை எடுத்த நேரத்தாற் பிரித்தால் வருவது கதி. விடை சரியே, பரீட்சைத்தாளில் அதற்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். ஆயினும், அவ்விடையைக் கூறிய பிள்ளை கதியை உள்ளபடி அறிந்துகொண்டது என்று நாம் உறுதி கூறலாமா? சென்ற விடுமுறையிலே நம் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் இக்கேள்வியை நம் மனத்தில் எழுப்பிற்று. அதன் பயனாக நாம் கண்டறிந்தவற்றை வாசக அன்பர்களோடு இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

பத்தாந் தரத்திற் படிக்கும் நம் பேரன் விறாந்தையில் அமர்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தான். ஒரு பஸ் 120 கிலோமீற்றர் தூரத்தை 3 மணித்தியாலத்திற் கடந்தது. அதன் கதி யாது என்பது கணக்கு. மணிக்கு 40 கிலோமீற்றர் என்று நொடியில் எழுதிவிட்டான்.

"தம்பி, அந்த பஸ் வழியில் எங்கேயாவது நின்று ஆட்களை ஏற்றியதா?" என்று கேட்டோம்.

"கணக்கில் அப்படி ஒன்றுஞ் சொல்லவில்லை, அம்மப்பா."

நாம் சிரித்தோம். ஆனால், சிரித்து முடித்தபின் அவ்விடை நம்மை உறுத்தத் தொடங்கியது. தினந்தோறும் பஸ்ஸிற் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை அவன். பஸ் நிற்பதையும், புறப்படும்போது தன்னைப் பின்னே தள்ளுவதையும், சாரதி தடுப்பை அழுத்தும்போது முன்னே சாய்ப்பதையும் உடம்பினால் அறிந்தவன். அந்த அறிவு வேறு, கொப்பியில் உள்ள கதி வேறு என்று அவன் எண்ணிவிட்டான்.

ஒரு தாளை எடுத்து, சரிவு ஒன்றை வரைந்து காட்டினோம். மேலே சற்றுச் சாய்வு, நடுவே செங்குத்தான இறக்கம், கீழே மெல்ல வளைந்து சமதரை. "இச்சரிவில் ஒரு போளையை உருட்டிவிட்டால், அது மிக விரைவாகச் செல்லும் இடம் எது?" என்று கேட்டோம். பேரன் தயங்காமற் செங்குத்தான இடத்தில் விரலை வைத்தான். அருகில் நின்ற அவன் தங்கை, ஐந்தாந் தரத்துச் சிறுமி, "இல்லை, இங்கே" என்று சரிவின் அடியைத் தொட்டாள். காரணங் கேட்டபோது, "ஊஞ்சல் கீழே வரும்போதுதானே காற்று முகத்திற் கூட அடிக்கும்" என்றாள்.

சூத்திரத்தை அறியாத சிறுமி சரியான விடையைக் கூறினாள்; சூத்திரத்தை அறிந்தவன் தவறினான். செங்குத்தான இடத்திற் கதி மிக விரைவாகக் கூடுகின்றது. அதாவது ஆர்முடுகல் அங்கே அதிகம். ஆனால், கதி கூடிக்கூடித் தன் உச்சத்தை அடைவது பாதையின் மிகத் தாழ்ந்த இடத்திலேயாம். கதி வேறு, கதி மாறும் வீதம் வேறு. இவ்விரண்டையும் மயங்கவைத்துக் கொள்ளுதலே மாணவர் பலரிடம் காணப்படும் பெருங்குறை. அதனைச் சொல்லித் தீர்ப்பதிலும், செய்து காட்டித் தீர்ப்பதே மேல் என்று தீர்மானித்தோம்.

செய்து காட்டுதற்கு ஏற்ற கருவி ஒன்று உண்டு. வெளிநாட்டுத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் 'ரோலர் கோஸ்டர்' என்னும் மேடுபள்ள வண்டியைப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். ஓர் உயர்ந்த மேட்டின் உச்சிவரை சங்கிலியால் இழுக்கப்பட்டு, பின்னர் இயந்திரம் ஏதுமின்றித் தன் பாட்டிலே விழுந்தும் எழுந்தும் வளைந்தும் ஓடும் வண்டி அது. அதன் பிறப்பு உருசிய நாட்டில். அங்கே மாரிகாலத்தில் மரத்தாற் சரிவுகளை எழுப்பி, அவற்றின்மேல் நீரூற்றி உறையவைத்து, மக்கள் சறுக்கி விளையாடினார்கள். 1817-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் அதற்குச் சில்லும் தண்டவாளமும் பூட்டி, 'உருசிய மலைகள்' என்று பெயரிட்டனர். 1884-இல் அமெரிக்காவின் கோனி ஐலண்ட் கடற்கரையில் லமார்க்கஸ் தொம்சன் என்பவர் அமைத்த வண்டிப்பாதை பெரும் புகழ் பெற்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரான்சு நாட்டார் இன்றும் அவ்வண்டியை 'உருசிய மலைகள்' என்கின்றனர். உருசியரோ அதனையே 'அமெரிக்கக் குன்றுகள்' என்கின்றனர்!

மேலைநாட்டு ஆசிரியர் பலர் இவ்வண்டியின் மாதிரிகளைச் செய்வித்துக் கதியைக் கற்பிக்கின்றனர். குளிர் நாடுகளில் நீர்க்குழாய்களுக்குப் போர்த்தும் மெத்தென்ற உறையை நீளவாட்டிற் பிளந்தால் அழகிய வாய்க்கால் கிடைக்கும். அதிலே போளையை ஓடவிடுவார்கள். நமக்கு அவ்வுறை வேண்டியதில்லை. பூங்கன்றுகளுக்கு நீர் பாய்ச்சும் பழைய குழாய் ஒன்று பின்வளவிற் கிடந்தது. முக்கால் அங்குலக் குழாய். அதில் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் துண்டை வெட்டி, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தோம். இரண்டு வாய்க்கால்கள் கிடைத்தன. பேரனின் பழைய கண்ணாடிப் போளைகள், சில தடித்த புத்தகங்கள், ஒட்டு நாடா, அளவு நாடா ஆகியவற்றோடு நம் ஆய்வுகூடம் நிறைவெய்தியது. செலவு ஒரு சதமும் இல்லை.

முதலாவது வாய்க்காலின் ஒரு முனையைப் புத்தக அடுக்கின்மேல் மேசையிலிருந்து 40 சதமமீற்றர் உயரத்திற் பொருத்தினோம். மறுமுனை வளைந்து இறங்கி, மேசையின் விளிம்பிற் கிடையாக முடியும்படி ஒட்டினோம். போளையைத் தள்ளாமல், விரலை எடுத்துவிட்டால் அது தானே உருண்டோடி விளிம்பிலிருந்து பாய வேண்டும். தள்ளினால் நம் கையின் பலமும் கணக்கிற் கலந்துவிடும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிற் சொல்லி வைக்க வேண்டும்.

ஒன்றரை மீற்றர்ப் பாதையைப் போளை எவ்வளவு நேரத்திற் கடக்கின்றது? கைத்தொலைபேசியில் உள்ள நிறுத்தற் கடிகாரத்தால் ஐந்து முறை அளந்து சராசரி கண்டோம். ஏறக்குறைய 1.3 செக்கன் வந்தது. ஆகவே சராசரிக் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 1.15 மீற்றர். "அப்படியாயின் விளிம்பை விட்டு நீங்கும்போதும் அதே கதிதானா?" என்று கேட்டோம். பேரன் இம்முறை அவசரப்படவில்லை. "இல்லை, மேலே மெதுவாகத்தானே தொடங்கியது. முடிவிலே கூடவாய் இருக்க வேண்டும்" என்றான். பஸ் கணக்கிற்கு அப்போதே அவன் உண்மையான விடையைக் கண்டுவிட்டான் என்று நாம் மகிழ்ந்தோம்.

முடிவிலே உள்ள கதியை அளப்பது எவ்வாறு? அந்த ஒரு கணத்தைக் கடிகாரம் கொண்டு பிடிக்க நம் விரலுக்கு விரைவு போதாது. இங்கேதான் கடிகாரம் வேண்டாத ஒரு நல்ல உபாயம் துணைசெய்கின்றது. மேசையின் கால்களுக்குப் பலகைத் துண்டுகளை வைத்து, அதன் மேற்பரப்பை நிலத்திலிருந்து சரியாக 78 சதமமீற்றர் ஆக்கினோம். அந்த உயரத்திலிருந்து எந்தப் பொருளும் நிலத்தை அடைய ஏறத்தாழ 0.4 செக்கன் ஆகும். கிடையாகப் பாயும் போளைக்கும் அதே நேரந்தான். முன்னோக்கிச் செல்லும் கதி, கீழ்நோக்கி விழுவதைத் தாமதப்படுத்துவதில்லை. எனவே போளை விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுகின்றது என்று அளந்து, அதனை 0.4 ஆற் பிரித்தால், விளிம்பை விட்ட கணத்தில் அதற்கிருந்த கதி கிடைத்துவிடும்.

நிலத்தில் வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேற் காபன் தாளைக் கவிழ்த்து வைத்தோம். போளை விழுந்த இடந்தோறும் கரும்புள்ளி விழுந்தது. மேசை விளிம்பிலிருந்து நூலிற் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது காட்டிய இடத்திலிருந்து அளந்தோம். 40 சதமமீற்றர் உயரத்திலிருந்து விட்ட போளை, ஏறத்தாழ 89 சதமமீற்றர் தூரத்தில் விழுந்தது. அதாவது செக்கனுக்கு 2.2 மீற்றர், சராசரிக் கதியிலும் ஏறக்குறைய இரு மடங்கு. கைத்தொலைபேசியில் நிகழ்படம் எடுத்தும் சரிபார்த்தோம். செக்கனுக்கு 30 படம் எடுக்கும் அக்கருவியில், பாதையின் முடிவில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே போளை 7 சதமமீற்றருக்குச் சற்று மேலாக நகர்ந்திருந்தது. இரு வழியிலும் ஒரே விடை கிடைத்தபோது பிள்ளைகளின் முகத்திலே தோன்றிய ஒளியை, எந்தப் புள்ளித்தாளும் கொணர்ந்திராது.

அடுத்துக் கேட்ட கேள்வியே இப்பாடத்தின் உயிர்நாடி. "போளையின் கதியை இரு மடங்காக்க, உயரத்தை எத்தனை மடங்காக்க வேண்டும்?" இருவரும் ஒரே குரலில், "இரண்டு மடங்கு" என்றனர். சரி, பார்ப்போம் என்று 10 சதமமீற்றரிலிருந்து தொடங்கினோம். போளை 45 சதமமீற்றர் தூரத்தில் விழுந்தது. 20 சதமமீற்றருக்கு உயர்த்தினோம். 90 வரும் என்று சிறுமி நிலத்திற் கீறி வைத்துக் காத்திருந்தாள். விழுந்ததோ 63-இல். 40 சதமமீற்றருக்கு உயர்த்திய பின்னரே 89 வந்தது. உயரம் நான்கு மடங்கானால்தான் கதி இரண்டு மடங்காகின்றது. கதியின் வர்க்கமே உயரத்தோடு ஒத்துக் கூடுகின்றது என்னும் பெரிய விதியை, ஒரு போளை மூன்று கரும்புள்ளிகளால் எழுதிக் காட்டிவிட்டது.

இவ்விடத்திற் பேரன் ஒரு குற்றம் கண்டுபிடித்தான். பாடநூற் சூத்திரத்தின்படி 40 சதமமீற்றர் கீழிறங்கிய பொருளுக்குச் செக்கனுக்கு 2.8 மீற்றர்க் கதி வர வேண்டும். நமக்குக் கிடைத்தது 2.2 மட்டுமே. "எங்கள் பரிசோதனை பிழைத்துவிட்டது, அம்மப்பா" என்று சோர்ந்தான். பிழைக்கவில்லை. சூத்திரம், உராய்வின்றி வழுக்கிச் செல்லும் பொருளுக்கு உரியது. நம் போளையோ உருண்டு செல்கின்றது. உயரத்தில் இருந்தபோது அதற்கிருந்த அழுத்த சக்தியில் ஏழில் இரண்டு பங்கு, அதனைச் சுழற்றுவதற்கே செலவாகிவிடுகின்றது. அதனைக் கழித்துப் பார்த்தால் 2.37 வருகின்றது. எஞ்சிய சிறு வேறுபாட்டை உராய்வு உண்டுவிட்டது. அளந்த விடை நூலோடு பொருந்தாதபோது, அளவை மாற்றி எழுதும் பழக்கம் மாணவரிடையே உண்டு. அவ்வாறு செய்யாமல், ஏன் பொருந்தவில்லை என்று கேட்பவனே விஞ்ஞானி ஆவான்.

பின்னர் இரண்டாவது வாய்க்காலை முதலாவதோடு தொடுத்து, உண்மையான மேடுபள்ளப் பாதை ஒன்றை அமைத்தோம். தொடக்கம் 40 சதமமீற்றர் உயரம். இரண்டாம் மேடும் அதே உயரம். போளை ஏறியது, தயங்கியது, திரும்பி உருண்டது. 35 சதமமீற்றராகக் குறைத்தோம். உச்சியை அண்மித்தும் கடக்கவில்லை. 30 சதமமீற்றரில் மெல்லக் கடந்து சென்றது. தொடங்கிய உயரத்துக்கு மேலே எந்த மேட்டையும் வண்டி தன் பாட்டிலே கடவாது. உராய்வினால் இழந்ததைக் கழித்தே மிகுதியைச் செலவிடலாம். கைமுதலுக்கு மேற் செலவு செய்ய முடியாது என்று வீட்டுத்தலைவியர் சொல்லும் பழைய நியாயந்தான் இதுவும். மேடுபள்ள வண்டிகளில் முதலாவது மேடே மற்றைய எல்லாவற்றிலும் உயர்ந்ததாக இருப்பது ஏன் என்று இனி நம் பிள்ளைகளுக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

சிறுவர்க்கு மிகவும் பிடித்தது வட்டமடிக்கும் பாதை. 10 சதமமீற்றர் ஆரையில் வாய்க்காலை வளைத்தோம். போளை உச்சியில் விழாமற் சுற்றிவருவதற்குக் கணக்கின்படி 27 சதமமீற்றர் உயரம் போதும். நம் பாதையில் உராய்வின் காரணமாக 36 தேவைப்பட்டது. இவ்வட்டத்திற்கும் ஒரு கதை உண்டு. 1895-இற் கோனி ஐலண்டில் முழு வட்டமாக அமைந்த பாதையொன்றில் மனிதரை ஏற்றிச் சுற்றினார்கள். கதி மிகக் கூடிய அடிப்புறத்திலே வண்டி நேர்ப்பாதையிலிருந்து திடீரென வட்டத்துட் புகுந்தமையால், ஏறியவர்களின் கழுத்து நொந்தது. அந்த வண்டி நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1976-இற் கலிபோர்ணியாவில் வேர்னர் ஸ்ரெங்கல் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர், வட்டத்தை விட்டுக் கண்ணீர்த்துளியின் வடிவில் அதனை வகுத்தார். கீழே பரந்தும் மேலே ஒடுங்கியும் வளைவு படிப்படியாக மாறும் அவ்வடிவத்தில், உடம்பு தாங்கும் அளவிலே விசை நின்றது. புகையிரதப் பாதைகளில் நேர்ப்பகுதியையும் வளைவையும் இணைப்பதற்குப் பயன்படும் கோட்டின் இனமே அதுவும். கதியை அறியாதவன் வட்டம் வரைந்தான். அறிந்தவன் மனிதரின் கழுத்தைக் காத்தான்.

நாம் செய்தது புதிதன்று. 1638-இல் வெளிவந்த தம் நூலிலே கலிலியோ, ஏறக்குறைய 12 முழ நீளமான மரத்தில் விரலகலத் தவாளிப்பு ஒன்றைச் செதுக்கி, அதனை வழுவழுப்பான தோலால் வரிந்து, வெண்கலக் குண்டை உருட்டி அளந்த செய்தியை எழுதியுள்ளார். அவரிடம் செக்கன் காட்டும் கடிகாரம் இருக்கவில்லை. பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தை அறிந்தார். நூறு முறைக்குக் குறையாமற் செய்து பார்த்ததாகக் கூறுகின்றார். நமக்கோ ஐந்து முறைக்குள் முதுகு நோகின்றது!

வாசகர் கேட்கலாம்: போளை உருட்டி அறிந்த இவ்விதியால் வீட்டுக்கு ஆவது என்ன? அதற்கு விடையாக, அன்று மாலை நிகழ்ந்ததைச் சொல்லி முடிக்கின்றோம்.

மூத்த பேரனுக்கு வயது பத்தொன்பது. அண்மையிலேதான் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் பெற்றான். நம் விளையாட்டைப் பார்த்து, கதவு நிலையிற் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டு நின்றான். நாம் அவனிடம் ஒன்றுஞ் சொல்லவில்லை. இளையவனைப் பார்த்து, "தம்பி, கணக்கைத் திருப்பிப் போடு. மணிக்கு 50 கிலோமீற்றர்க் கதி வருவதற்கு ஒரு பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்?" என்று கேட்டோம். அவன் செக்கனுக்கு மீற்றராக மாற்றி, வர்க்கித்து, 19.6 ஆற் பிரித்து, "ஏறக்குறைய பத்து மீற்றர். மூன்று மாடி" என்றான்.

"எழுபதுக்கு?"

"பத்தொன்பது மீற்றருக்கு மேலே, அம்மப்பா." சற்று நேரம் பேசாதிருந்து, "எங்கள் வளவுத் தென்னை எவ்வளவு உயரம்?" என்று அவனே கேட்டான்.

ஒரு மீற்றர்த் தடியை நட்டு, அதன் நிழலையும் தென்னையின் நிழலையும் அளந்து பார்த்தோம். தென்னை பதினெட்டு மீற்றர். எழுபதிற் செல்லும் ஒருவன் மதிலிலே மோதுவது, அத்தென்னையின் வட்டிலிருந்து நிலத்தில் விழுவதிலும் கொடியது. கதி இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்கு. தடுப்பை அழுத்திய பின் வண்டி நிற்பதற்குச் செல்லும் தூரமும் நான்கு மடங்கு. தென்னை உச்சியிலிருந்து குதி என்றால் எந்த இளைஞனும் குதிக்கமாட்டான். ஆனால், அதே உயரத்தைக் கைப்பிடியின் ஒரு திருகலிலே தினமும் ஏறுகின்றோம் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. ஏனெனில் கதிக்கு நாம் ஓர் எண்ணைக் கற்பித்தோமேயன்றி, ஓர் உயரத்தைக் காட்டவில்லை.

மூத்தவன் பதில் ஏதும் கூறவில்லை. சிறிது நேரத்தின் பின் வெளியே புறப்பட்டான். தலைக்கவசத்தின் வாரை அவன் இறுக்கிப் பூட்டியதை அவன் தாய் கவனித்தாள். வண்டியை முடுக்குமுன் தென்னையை ஒருமுறை அண்ணாந்து பார்த்ததை நாம் கவனித்தோம்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய நீர்க்குழாய் கிடக்கும். சில போளைகளும் கிடைக்கும். விடுமுறை நாளொன்றிற் பிள்ளைகளோடு நிலத்தில் அமர்ந்து உருட்டிப் பாருங்கள். விடையை முந்திச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் தவறாகச் சொல்லட்டும். காபன் தாளிற் புள்ளி விழட்டும். பின்னர் அவர்களே திருத்திக்கொள்ளட்டும். அவ்வாறு கற்ற பாடம் பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடாது, வீதியிலும் உடன்வரும்.